நிலைத்த இன்பமும் வாழ்வின் குறிக்கோளும்: மாத்தளை மண் காட்டும் மூன்று வழிகள்

உயிர்கள் யாவும் இன்பத்தை நாடுகின்றன, துன்பத்தை வெறுக்கின்றன. எறும்பு முதல் யானை ஈறாக உள்ள உயிரினங்களின் இயக்கமெல்லாம் இவ்விரு உணர்ச்சிகளுள் அடங்கும். ஆயின், பிற உயிர்கட்கு இல்லாத ஒரு தொல்லை மனிதனுக்கு உண்டு. கிடைத்த இன்பம் நிலைக்குமா என்னும் வினா அவனை விடுவதில்லை. பசி தீர்ந்த விலங்கு உறங்குகின்றது. பசி தீர்ந்த மனிதனோ நாளைய பசியையும், அடுத்த ஆண்டின் பஞ்சத்தையும், தன் வாழ்வின் பொருளையும் பற்றிச் சிந்திக்கத் தொடங்குகின்றான். இச்சிந்தனையே சமயங்கட்கும் தத்துவங்கட்கும் தோற்றுவாயாயிற்று.

நம் முன்னோர் இவ்வினாவை இரு சொற்களால் வரையறுத்தனர். கடோபநிடதத்தில் வரும் நசிகேதன் என்னும் இளைஞனுக்கு யமன் கூறும் அறிவுரை, 'பிரேயஸ்', 'சிரேயஸ்' என்னும் பாகுபாட்டை அடிப்படையாகக் கொண்டது. உடனே இனிப்பது பிரேயஸ். முடிவில் நன்மை பயப்பது சிரேயஸ். நீண்ட ஆயுள், செல்வம், அரசு, இசை வல்ல மகளிர் என யமன் அளிக்க முன்வந்த அனைத்தையும் நசிகேதன் மறுத்தான். அவை தீயவை என்று அவன் கூறவில்லை. நாளை வரை நில்லாதவை என்றே கூறினான். தமிழ்ச் சான்றோரும் அறம், பொருள், இன்பம், வீடு என நான்கு உறுதிப்பொருள்களை வகுத்தபோது, இன்பத்தை விலக்கிவிடவில்லை. அறத்தின் வழிவந்த பொருளாலே பெறும் இன்பமே இன்பம் என வரிசைப்படுத்தினர். அவ்வரிசை முறையிலே ஒரு வாழ்க்கைத் தத்துவம் அடங்கியுள்ளது.

இவ்வுண்மையைக் கற்க ஏடுகளை மட்டும் புரட்ட வேண்டுவதில்லை. இலங்கையின் நடுவண் அமைந்துள்ள மாத்தளை மாவட்டம் இதற்கு ஓர் உரைகல்லாக விளங்குகின்றது. அதன் வடபால் சீகிரிக் குன்று ஓங்கி நிற்கின்றது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையில், மாத்தளை நகரை அடுத்து அளுவிகாரைக் குகைகள் அமைந்துள்ளன. நகரின் நடுவே முத்துமாரியம்மன் கோயிலின் கோபுரம் எழுந்து நிற்கின்றது. ஓர் அரசன், ஒரு துறவியர் கூட்டம், ஓர் உழைப்பாளர் கூட்டம் ஆகிய மூவகையினர் இன்பத்தையும் குறிக்கோளையும் தேடிய மூன்று வழிகளை இம்மூன்று இடங்களும் காட்டுகின்றன.

இன்பத்தின் அளவு

முதற்கண் இன்பத்தின் இயல்பை ஆராய்தல் வேண்டும். தைத்திரீய உபநிடதம் இன்பத்தை அளக்க ஒரு விந்தையான கணக்கினை மேற்கொள்கின்றது. இளமையும் நல்லொழுக்கமும் கல்வியும் உடல் வலிமையும் வாய்ந்த ஒருவன், செல்வம் நிறைந்த இவ்வுலகம் முழுவதற்கும் உரியவனாய் இருப்பானாயின், அவன் அடையும் மகிழ்ச்சி ஓர் அலகு எனப்படும். அதனினும் நூறு மடங்கு மானிட கந்தருவரின் மகிழ்ச்சி. அதனினும் நூறு மடங்கு தேவ கந்தருவரின் மகிழ்ச்சி. இவ்வாறு பிரமனின் இன்பம் வரை அக்கணக்கு ஏறிச் செல்கின்றது. வியப்புக்குரியது யாதெனின், மானிட கந்தருவர் தொடங்கி ஒவ்வொரு படியிலும், ஆசையால் தாக்குறாத கல்விமானுக்கும் அதே இன்பம் உண்டு என அந்நூல் திரும்பத் திரும்பச் சொல்லுவதேயாம். உலகத்தைப் பெறுவதால் வரும் இன்பத்துக்கு ஓர் அளவு உண்டு. வேட்கை தணிவதால் வரும் இன்பத்துக்கோ அளவில்லை என்பது அக்கணக்கின் கருத்து.

இக்காலத்து உளவியலாரும் இதனையொட்டிய ஆய்வுகளை நிகழ்த்தியுள்ளனர். 1978 ஆம் ஆண்டில் பிலிப் பிரிக்மன் முதலிய அமெரிக்க அறிஞர், இலாபச் சீட்டில் பெரும் பரிசு பெற்ற 22 பேரையும், அவர்களோடு ஒத்த நிலையினரான ஏனையோரையும், விபத்தினால் உடல் செயலிழந்த 29 பேரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பரிசு பெற்றோர் பிறரினும் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியுடையராய் இருக்கவில்லை. நண்பருடன் உரையாடுதல், காலையுணவு அருந்துதல் போன்ற அன்றாடச் செயல்களில் அவர்கள் பெற்ற இன்பம் பிறரினும் குறைந்தே காணப்பட்டது. விபத்துக்குள்ளானோர் பிறரினும் மகிழ்ச்சி குன்றியிருந்தனர். எனினும் எதிர்பார்த்த அளவு குன்றவில்லை. உயர்ந்த இன்பமாயினும் மனம் அதற்குப் பழகிவிடுகின்றது. பழகியபின் அது இன்பமாகத் தோன்றுவதில்லை.

இவ்வாய்வு சிலரையே கொண்டு செய்யப்பட்டதாதலின், அதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் கூடாது. 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த சுவீடன் நாட்டுப் பேராய்வு ஒன்று, பெரும் பரிசு பெற்றோர் தம் வாழ்வு குறித்து அடைந்த மனநிறைவு பல்லாண்டுகள் நீடித்ததையும், ஆயின் அன்றாட மகிழ்ச்சியிலும் மனநலத்திலும் ஏற்பட்ட மாறுதல் அதனினும் மிகச் சிறிதாக இருந்ததையும் காட்டிற்று. பொருள் முற்றும் பயனற்றது என்பார் கூற்றும், பொருளே எல்லாம் தரும் என்பார் கூற்றும் ஒருங்கே பிழையாதல் இதனால் பெறப்படும். வறுமையின் அச்சத்தைப் பொருள் நீக்கும். வாழ்வுக்குப் பொருளைக் கொடுக்க அதனால் இயலாது.

குன்றின்மேல் ஓர் அரசன்

சீகிரிக் குன்று சுற்றியுள்ள சமவெளியினின்றும் ஏறத்தாழ 600 அடி உயரமுடையது. அதன் உச்சியில் அரண்மனையும், அடிவாரத்தில் நீரூற்றுகளோடு கூடிய பூங்காக்களும், பாறைச் சுவரில் எழில்மிகு மங்கையரின் ஓவியங்களும் அமைத்து வாழ்ந்தவன் காசியப்ப மன்னன். அவன் ஆட்சிக்காலம் கி.பி. 477 முதல் 495 வரை என்பர். குபேரனின் அளகாபுரியை ஒத்த அரண்மனையில் குபேரனைப் போலவே அவன் வாழ்ந்தான் எனச் சூளவமிசம் கூறும். ஐம்புலன்களும் நுகரத்தக்க இன்பங்கள் யாவும் ஒருங்கே அமைந்த இடம் அது.

ஆயின், அவ்வரண்மனை எழுந்ததற்குக் காரணம் இன்ப விழைவு மட்டுமன்று, அச்சமும் ஆகும். காசியப்பன் தன் தந்தையாகிய தாதுசேனனைச் சிறைப்படுத்திக் கொல்வித்து அரியணை ஏறியவன். உரிமையுடைய இளவரசனான முகலன் இந்தியாவுக்குத் தப்பியோடினான். என்றேனும் ஒருநாள் அவன் படையோடு திரும்புவான் என்னும் எண்ணம் காசியப்பனை விட்டு நீங்கவில்லை. எவரும் எளிதில் ஏறவொண்ணாத குன்றினை அவன் நாடியது அதனாலேயே எனச் சூளவமிசம் உரைக்கும். அவன் செய்த பாவத்துக்கு வருந்தி விரதங்கள் காத்தான். அறங்கள் பல செய்தான். விகாரை ஒன்றைப் புதுப்பித்துத் தேரவாதப் பிக்குகட்கு வழங்க முற்பட்டான். தந்தையைக் கொன்றவனது கொடையை ஏற்றால் பழி வரும் என அவர்கள் மறுத்தனர். பின்னர் அதனைப் புத்தரின் திருவுருவத்துக்கு அவன் அளித்த பிறகே அவர்கள் ஏற்றனர். மலைபோன்ற செல்வம் உடையவனுக்கு, தான் கொடுப்பதை ஏற்பாரைத் தேடுவதும் அரிதாயிற்று.

பதினெட்டாம் ஆண்டில் முகலன் படையோடு வந்தான். காசியப்பன் காவல் மிக்க குன்றினைவிட்டு இறங்கிப் போருக்குச் சென்றான். அவன் ஏறியிருந்த யானை எதிரே சேற்று நிலம் கண்டு திரும்பியது. அரசன் புறங்காட்டுகிறான் எனக் கருதிப் படை சிதறியது. தனித்து நின்ற காசியப்பன் தன் வாளால் தன் கழுத்தை அரிந்து மாண்டான். முகலன் அக்குன்றினைப் பிக்குகட்கு அளித்துவிட்டுத் தலைநகரை மீண்டும் அநுராதபுரத்துக்கு மாற்றினான்.

இவ்வளவில் கதை முடிந்திருப்பின், அது இன்பத்தின் நிலையாமையை மட்டுமே உணர்த்தியிருக்கும். ஆனால், அதனோடு ஒட்டிய மற்றொரு நிகழ்ச்சி குறிக்கோளின் நிலைபேற்றினையும் உணர்த்துகின்றது. தந்தை பெருஞ்செல்வத்தை மறைத்து வைத்துள்ளான் எனச் சேனாபதி மிகாரன் கூறக் கேட்டு, அதனைக் காட்டுமாறு காசியப்பன் ஆட்களை அனுப்பினான். தாதுசேனன் தான் கட்டுவித்த கலாவெவ என்னும் பெருங்குளத்துக்கு அழைத்துச் செல்லுமாறு வேண்டினான். அக்குளத்தில் இறங்கி நீராடினான், நீர் பருகினான், இதுவே தனது செல்வம் முழுவதும் என உடன்வந்தோரிடம் காட்டினான். பொன்னைத் தேடி வந்தோர்க்கு அவன் காட்டியது நீர். அதன் பொருள் விளங்காத மகன் வெகுண்டு அவனைக் கொல்வித்தான்.

தாதுசேனன் குற்றமற்றவன் என்று சூளவமிசம் புனைந்துரைக்கவில்லை. தன் மகளைத் துன்புறுத்திய மருமகனாகிய மிகாரன்மேற் கொண்ட சினத்தால், அவனது தாயை எரியூட்டிய கொடுமையும் அவன்மேல் உண்டு. அச்சினத்தின் வித்தே வளர்ந்து அவனது அழிவாக விளைந்தது. எனினும், ஒருவன் தன் வாழ்நாளில் செய்தவற்றுள் எது நின்றது என்னும் வினாவுக்குக் கலாவெவ விடையளிக்கின்றது. அக்குளத்திலிருந்து அநுராதபுரத்துத் திசவாவி வரை ஏறத்தாழ 54 மைல் தூரம் செல்லும் ஜயகங்கை என்னும் கால்வாய், தொடக்கத்து 17 மைல்களில் மைலுக்கு ஆறு அங்குல அளவே சரிவுடையதாய் அமைக்கப்பெற்றது. பதினைந்து நூற்றாண்டுகள் கடந்த பின்னும் அக்குளத்து நீர் வயல்களில் பாய்கின்றது. மகனது அரண்மனையோ இடிபாடாகக் கிடக்கின்றது. அதன் பளிங்குச் சுவரிலே, காண வந்த வழிப்போக்கர் பல நூற்றாண்டுகளாகக் கீறிச் சென்ற செய்யுட்களுள் 685 ஐப் பேராசிரியர் பரணவிதான படித்து 1956 ஆம் ஆண்டில் பதிப்பித்தார். தனக்கென அமைத்த மாளிகையிற் காசியப்பன் வாழ்ந்த காலம் பதினெட்டாண்டுகளினும் குறைவே. அதனைக் கண்டு மகிழ்ந்தவரோ பிறர்.

குகையில் ஒரு பணி

மாத்தளை நகருக்கு வடக்கே இரண்டு மைல் அளவிலுள்ள அளுவிகாரை, வேறோர் உண்மையை விளக்குகின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபய மன்னன் காலத்தே இலங்கையில் உள்நாட்டுக் கலகமும், அயற்படையெடுப்பும், கொடும் பஞ்சமும் ஒருங்கே நிகழ்ந்தன. மன்னன் அரசிழந்து 14 ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தான். தம்புள்ளைக் குகைகள் அவனுக்குப் புகலிடம் அளித்தன என்பது மரபு. பிக்குகட்கு உணவளிக்கும் நிலையில் மக்கள் இல்லை. விகாரைகள் வெறுமையாயின.

அக்காலம் வரை புத்தரின் உபதேசங்கள் எழுதப்படவில்லை. ஆசிரியர் வாயினின்றும் மாணவர் செவிக்கும், செவியினின்றும் நெஞ்சுக்கும் வழிவழியாக வந்தன. ஒரு பகுதியை ஓதிவந்த பிக்குகள் யாவரும் மாண்டால் அப்பகுதியும் அவர்களோடு மாண்டுபோகும். பிற்காலத்துப் பாளி உரைகள் அந்நாளைய நிலையை விரித்துரைக்கின்றன. எழுநூறு பிக்குகள் கடல்கடந்து இந்தியாவுக்குச் சென்றனர். அறுபதின்மர் மலைநாட்டில் தங்கினர். அவர்கள் கிழங்கும் இலையும் உண்டு உயிர்வாழ்ந்தனர். உடல் வலிமை உள்ளபோது அமர்ந்து ஓதினர். அமரவும் இயலாதபோது மணலைக் குவித்து, அதன்மேல் தலைசாய்த்து ஒருங்கே கிடந்து ஓதினர். பன்னிரண்டு ஆண்டுகட்குப் பின் சென்றவர் திரும்பியபோது, இரு திறத்தாரும் தாம் காத்த நூல்களை ஒப்பிட்டனர். ஓரெழுத்தும் வேறுபடவில்லை என அவ்வுரைகள் கூறும்.

மற்றொரு நிகழ்ச்சியும் கருதத்தக்கது. மகாநித்தேசம் என்னும் நூலினை முழுதும் அறிந்தவர் அந்நாளில் ஒரே ஒருவர். அவரோ ஒழுக்கங் குன்றியவர். அவரிடம் பாடங்கேட்க மகாரக்கித தேரர் என்பார் முதலில் மறுத்தார். நூல் அழிந்துவிடும் என மூத்தவர் வற்புறுத்தியபின், தயக்கத்தை விடுத்து அவரிடமே இரவும் பகலும் கற்று அதனைக் காத்தார். தூய்மையில் தமக்கிருந்த பெருமிதத்தினும், காக்கப்பட வேண்டிய பொருள் பெரிது என அவர் உணர்ந்தார். குறிக்கோள் ஒன்று உண்டாயின் தன்முனைப்பு தானே சிறுத்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இப்பட்டறிவின் விளைவாகவே திரிபிடகத்தையும் அதன் உரைகளையும் எழுத்தில் பொறிக்கத் துறவியர் துணிந்தனர். இதனைத் தீபவமிசமும் மகாவமிசமும் கூறுகின்றன. அப்பணி மாத்தளைக் குகையில் நிகழ்ந்தது எனப் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த நிகாய சங்கிரகம் குறிக்கின்றது. தாளிப்பனை ஓலையைப் பக்குவப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, கரியெண்ணெய் தடவி எழுத்தைத் தெளிவாக்கும் முறை இன்றும் அங்கே வருவோர்க்குக் காட்டப்படுகின்றது.

அத்துறவியர் இன்பத்தைத் தேடி அக்குகைக்கு வரவில்லை. அவர்கள் மேற்கொண்டது ஒரு பணி. பசியும் அச்சமும் சூழ்ந்த காலத்தில் அவர்களை உயிர்த்திருக்கச் செய்தது, தம்மோடு முடிந்துவிடக் கூடாத ஒன்று தம்மிடம் உள்ளது என்னும் உணர்வே. நாசிகளின் சிறைக்கூடங்களில் மூன்றாண்டுகள் வாடிய வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கிள், 1946 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதே கருத்தையே வற்புறுத்தினார். தமக்காகக் காத்திருக்கும் ஒரு பணியோ ஒருவரோ உண்டு என அறிந்தவர், துன்பத்தைத் தாங்கும் ஆற்றல் பெறுகின்றனர் என்பது அவர் கண்ட முடிபு. இன்பத்தை நேரே துரத்துபவனிடம் அது அகப்படுவதில்லை. தக்க பணியில் ஈடுபட்டவனை அது நிழல்போல் பின்தொடர்கின்றது.

காட்டுவழியில் ஒரு கூட்டம்

மூன்றாவது வழி, மாத்தளைத் தமிழர்க்கு மிக அணுக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டி மலைநாட்டிலே கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியபோது, தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து வறுமையால் வாடிய மக்கள் கங்காணிமாரின் தலைமையில் இலங்கைக்கு வந்தனர். தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து வடபாதை எனப்பட்ட காட்டுவழியே ஏறக்குறைய 150 மைல் நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். அவர்கள் பல தோட்டங்கட்கும் பிரிந்து சென்ற வாயில் மாத்தளையே. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலே பலரைக் கொண்டன. மாண்டோர் தொகை குறித்து வரலாற்றாசிரியர்கள் வேறுபடுவர். ஆயினும், அப்பாதை நெடுகிலும் பெயரற்ற புதைகுழிகள் இருந்தன என்பதில் ஐயமில்லை. 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்து, தேயிலையும் கொக்கோவும் றப்பரும் அதனிடத்தைப் பெற்றன. பயிர் மாறிற்று, உழைப்பவர் வாழ்வு மாறவில்லை.

காட்டைக் கடந்து உயிரோடு வந்தோர், நோய்க்கும் மழைக்கும் தெய்வமாகிய மாரியம்மனை மரத்தடியில் வைத்து வழிபட்டனர் என்பது மாத்தளையின் மரபுவழிச் செய்தி. 1852 இல் அதற்கு நிலம் கிடைத்தது. 1874 இல் நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் பொருளுதவியோடு கோயில் எழுந்தது. மாசிமகப் பெருவிழாவிலே ஐந்து தேர்கள் வீதிவலம் வருகின்றன. 1983 ஆம் ஆண்டு இனக்கலவரத்தில் அக்கோயில் சேதமுற்றது. பின்னர் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. மலைத்தோட்டங்களிலிருந்து இறங்கிவந்து வடம்பிடிக்கும் கைகள், வாரம் முழுவதும் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் காய்த்துப்போன கைகள். அன்றாடக் கூலியிலிருந்து எடுத்துவைத்த சிறு காசு, எவருடைய சொந்தமும் ஆகாத, எல்லாருக்கும் சொந்தமான ஒரு கோபுரமாக உயர்ந்தது.

தனி மனிதனாக நோக்குமிடத்து, அந்நாளைய தொழிலாளிக்குத் தனதென்று சொல்ல ஒன்றுமில்லை. லயத்து அறை தோட்டத்துக்கு உரியது. கடன் தொகையைக் குறித்த 'துண்டு' இன்றி ஒரு தோட்டத்தைவிட்டு மறு தோட்டம் செல்லவும் அவனால் இயலாதிருந்தது. அம்முறை 1921 ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இத்தகைய வாழ்விலும் அவனுக்கு வாழ்வின் பொருளை அளித்தவை உறவும் வழிபாடும் பிள்ளைகளின் எதிர்காலமுமே. அமெரிக்க நாட்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1938 இல் தொடங்கி மூன்று தலைமுறையாகத் தொடர்ந்து நடத்திவரும் வாழ்க்கை ஆய்வு, முதுமை வரை மனிதரை நலத்தோடும் மகிழ்ச்சியோடும் வைத்திருப்பது செல்வமும் புகழும் அன்று, நெருங்கிய உறவே எனக் காட்டியுள்ளது. அவ்வுண்மையைத் தோட்டத்து மக்கள் ஆய்வின்றியே வாழ்ந்து காட்டினர்.

போதும் என்னும் சொல்லின் எல்லை

இவ்விடத்தே ஒரு தடை எழும். இன்பம் உள்ளத்தில் உள்ளதாயின், ஏழை தன் நிலையில் மனநிறைவு கொள்க என்று கூறிவிடலாமன்றோ? லயத்திலும் அமைதி காணலாமெனில், வீடு எதற்கு? ஆசையே துன்பத்துக்குக் காரணமெனில், கூலி உயர்வு கேட்பதும் ஆசைதானே? இக்கேள்விகள் வெறும் தருக்கம் அல்ல. உழைப்பவரை அடக்கி வைக்க விரும்பியோர் பல நாடுகளிலும் பல காலங்களிலும் சமயத்தின் பெயரால் இவ்வாறே பேசியதுண்டு.

இதற்கு விடை அறநூல்களின் அமைப்பிலேயே உண்டு. மனநிறைவு என்பது ஒருவன் தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் ஒழுக்கம். ஒருவன் மற்றொருவனுக்கு விதிக்கும் கட்டளை அன்று. துறவி தானே விரும்பி ஏற்கும் பசி வேறு. தொழிலாளியின்மேற் சுமத்தப்படும் பசி வேறு. முன்னது தவம், பின்னது அநீதி. தன் பசியைப் பொறுப்பவன் சான்றோன். பிறன் பசியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்பவன் சான்றோன் ஆகான். அளுவிகாரைத் துறவியர் தம் பசியைப் பாராட்டவில்லை. எனினும், பஞ்சம் நல்லது என அவர்கள் ஒருநாளும் கூறியதில்லை.

மலையகத் தமிழர் வரலாறும் இவ்வேறுபாட்டை விளக்குகின்றது. 1948 ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா, லால் பகதூர் சாஸ்திரி ஆகியோர் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் நிலை 1974 இலேயே முடிவாயிற்று. எங்கே பிறந்தோம், எங்கே வாழ விரும்புகின்றோம் என்னும் வினாக்கள் அம்மக்களிடம் கேட்கப்படாமலே விடைபெற்றன. 2003 இல் இயற்றப்பட்ட சட்டத்தினாலேயே எஞ்சியோர்க்குக் குடியுரிமை கிட்டிற்று. ஏறக்குறைய 55 ஆண்டுகள் நடந்த இப்போராட்டம் மனநிறைவுக்கு முரணானது அன்று. மனிதன் தன் குறிக்கோளை நாடி நிற்க ஓரிடம் வேண்டும். அவ்விடத்தைப் பெறுதல் அறத்தின் பாற்பட்டது. வீட்டுநெறிக்கு முன்னே அறமும் பொருளும் வைக்கப்பட்டதன் காரணமும் இதுவே.

குறிக்கோளைத் தேர்தல்

இனி, ஒவ்வொருவனும் தனக்குரிய குறிக்கோளை அறிவது எங்ஙனம்? அது வானத்தினின்றும் திடீரென ஒலிக்கும் குரல் அன்று. பகவத்கீதை 'சுவதர்மம்' என்னும் சொல்லால் இதனைச் சுட்டுகின்றது. பிறனது கடமையைச் சிறப்பாகச் செய்தலினும் தன் கடமையைக் குறையுடனேனும் செய்தல் மேல் என்பது அதன் கருத்து. அக்கருத்தைப் பிறப்புவழித் தொழிலுக்கே உரியதாக்கி, உழைப்பவன் மகன் உழைப்பவனாகவே இருக்க வேண்டும் எனப் பொருள்கொள்வது மேற்கூறிய அநீதியையே மீண்டும் நாட்டுவதாகும். தன் இயல்பையும் ஆற்றலையும் அறிந்து அவற்றுக்கேற்ற பணியை மேற்கொள்ளுதல் எனக் கொள்வதே இக்காலத்துக்கு ஏற்புடையது.

மேலே கண்ட மூன்று இடங்களும் அதற்குச் சில அளவுகோல்களைத் தருகின்றன. முதலாவது, பயன் பிறரைச் சேர்வதா என நோக்குதல். கலாவெவ நின்றதும் சீகிரி அழிந்ததும் இதனாலாகும். இரண்டாவது, தன் வாழ்நாளுக்குப் பின்னும் தொடரத்தக்கதா என நோக்குதல். அளுவிகாரையில் எழுத்தாணி பிடித்த துறவியருள் ஒருவர் பெயரும் இன்று எவருக்கும் தெரியாது, ஆயின் அவர்கள் பணி உலகெங்கும் பரவியுள்ளது. மூன்றாவது, பிறரோடு கூடிச் செய்யத்தக்கதா என நோக்குதல். தேரைத் தனியொருவன் இழுத்தல் இயலாது. நான்காவது, பலன் கிட்டாதவிடத்தும் அச்செயலே இனிக்கின்றதா என நோக்குதல். பலனில் மட்டும் கண் வைப்பவனுக்கு இன்பம் என்றும் நாளைக்கே உரியது. செயலில் ஈடுபட்டவனுக்கோ அது இன்றே உரியது.

மாணவர்க்கு இவ்வினா இன்று மிகக் கூர்மையுற்று நிற்கின்றது. தோட்டப் பாடசாலைகள் 1970 களில் அரசாங்கப் பொறுப்பில் வந்த பின்னர், கொழுந்து பறித்த தாயின் மகள் ஆசிரியையாகவும், பால் வெட்டிய தந்தையின் மகன் மருத்துவனாகவும் உயரும் வாய்ப்புத் தோன்றியுள்ளது. தேர்வில் வெற்றி, உத்தியோகம், வெளிநாடு என்பன வரிசையாக அவர்கள் கண்முன் நிற்கின்றன. அவை விலக்கத்தக்கன அல்ல. காட்டுவழி நடந்த பாட்டன்மார் தம் பிள்ளைகட்கு நாடியதும் அத்தகைய உயர்வையே. ஆயின், அவை வழிகளேயன்றி முடிவுகள் அல்ல. உத்தியோகம் கிடைத்த மறுநாளே, இனி என்ன என்னும் வினா மீண்டும் எழும். அப்பொழுது விடை கூறத்தக்க ஒன்று நெஞ்சில் இல்லாதவன், தான் ஏறிய உயரத்திலேயே தனித்து நிற்பான்.

ஆசிரியர்க்கும் இதிலே ஒரு பங்குண்டு. தேர்வுக்கு ஆயத்தம் செய்வதோடு அவர்கள் கடன் முடிந்துவிடுவதில்லை. ஒழுக்கங் குன்றிய ஒருவரிடமிருந்தும் ஒரு நூலைக் காத்துக்கொடுத்த தேரரைப் போல, தம்மிடம் உள்ளது தம்மோடு முடிந்துவிடாமல் அடுத்த தலைமுறைக்குச் செல்லவேண்டும் என்னும் உணர்வு அவர்களிடம் காணப்படின், மாணவர் அதனைச் சொல்லாமலே கற்பர்.

ஆக, நிலைத்த இன்பம் என்பது தேடிப் பெறும் பொருள் அன்று. தக்க வாழ்வின் விளைவு ஆகும். பொருள் அதற்கு அடித்தளம். உறவு அதற்குச் சுவர். குறிக்கோள் அதற்குக் கூரை. இவற்றுள் ஒன்று இன்றேனும் அம்மனையில் நெடிது வாழ்தல் அரிது. மகன் பொன்னைக் கேட்க, தந்தை இரு கைகளாலும் அள்ளிக் காட்டிய நீர், இன்றும் வயல்களில் ஓடிக்கொண்டிருக்கின்றது. தன் வாழ்நாளின் முடிவில் அவ்வாறு காட்டத்தக்க ஒன்றை உடையவன் எவனோ, அவனே இன்பத்தைக் கண்டவன்.